சோதனை ஃபோனில் இடம் தீரும்போது ஏடிபி எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? ஒரு மதிப்புரை

புதிய பில்டை (சோதனைக்கு வந்த செயலிப் பதிப்பை) ஃபோனில் ஏற்றும் நேரத்தில் "இன்ஸ்டால் ஃபெயில்ட் இன்சஃபிஷியன்ட் ஸ்டோரேஜ்" என்ற பிழை வந்தால், பெரும்பாலான டெஸ்டர்கள் முதலில் திறப்பது கேலரியை. படங்களை அழிப்பார்கள், வாட்ஸ்அப் வீடியோக்களை அழிப்பார்கள், ஏதாவது ஒரு கிளீனர் செயலியையும் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு தடவை பில்ட் ஏறிவிடும். மறுநாள் அதே பிழை திரும்ப வரும். தினமும் செயலிகளை ஏற்றி இறக்கும் ஃபோனில் இடத்தை அடைப்பவை படங்களோ பாட்டுகளோ அல்ல. பாதியில் நின்ற இன்ஸ்டால்கள், தானியங்கிச் சோதனைகள் விட்டுச்சென்ற ஏபிகேக்கள் (செயலியை நிறுவும் ஃபைல்கள்), ஹீப் டம்ப்கள் (செயலியின் நினைவகப் பிரதிகள்), பக் ரிப்போர்ட்கள், செயலி தனக்குள்ளேயே வளர்த்துவைத்த கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஆகியவைதான். இவற்றில் பாதிக்குமேல் ஃபோனின் திரையில் எங்குமே தெரியாது.

அவற்றைக் கண்ணில் காட்டும் கருவி ஏடிபி (ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ்); கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளைகளை அனுப்புவது. ஆண்ட்ராய்டு எஸ்டிகே பிளாட்ஃபார்ம் டூல்ஸ் தொகுப்பில் கூகுள் இதை இலவசமாகத் தருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அது இல்லாதவர்கள் தொகுப்பின் ஜிப் ஃபைலை மட்டும் இறக்கிப் பிரித்துக்கொண்டால் போதும். இடப் பிரச்சினையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலைக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். ஃபோனின் செட்டிங்ஸ் பக்கம், ஃபைல்ஸ் பை கூகுள் செயலி, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் டிவைஸ் எக்ஸ்ப்ளோரர் ஆகிய மூன்றோடும் ஒப்பிட்டால், இந்த வேலைக்கு ஏடிபிக்கு நிகரில்லை. ஆனால் அது காட்டும் எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பார்த்தால் அதுவும் தவறான திசையில் கொண்டுபோய் விடும்.

இணைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்க வேண்டும். ஷாவ்மி ஃபோன்களில் "இன்ஸ்டால் வயா யூஎஸ்பி" என்ற இன்னொரு சுவிட்சும் உண்டு. அதை விட்டுவிட்டால் இன்ஸ்டால் வேறொரு பிழையோடு நிற்கும். அதை இடப் பிரச்சினை என்று எண்ணிக்கொண்டு ஃபைல்களை அழிப்பது வீண்வேலை. ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம்.

முதல் கேள்வி: உண்மையில் எவ்வளவு இடம் இருக்கிறது?

"ஏடிபி ஷெல் டிஎஃப் -ஹெச் /டேட்டா" என்ற கட்டளைதான் தொடக்கம். மொத்தம், செலவானது, மீதம் என்று மூன்று எண்கள் வரும். மீதத்தை மட்டும் பாருங்கள். எஸ்டிகார்டு என்ற பெயரில் தெரியும் உள் சேமிப்பகமும், செயலிகளும் அவற்றின் தகவலும் இருக்கும் டேட்டா பார்ட்டிஷனும் ஒரே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. "எஸ்டிகார்டில் காலி இருக்கிறதே, பிறகு ஏன் செயலி ஏறவில்லை" என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

செட்டிங்ஸ் காட்டும் எண்ணும் டிஎஃப் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆண்ட்ராய்டு 8 முதல் செட்டிங்ஸ் ஆயிரத்தின் மடங்கில் கணக்கிடுகிறது. டிஎஃப் கட்டளையின் சிறிய ஹெச் 1024இன் மடங்கில் கணக்கிடுகிறது. பெரிய ஹெச் கொடுத்தால் அதுவும் ஆயிரத்துக்கு மாறிவிடும். அதோடு, செட்டிங்ஸ் மொத்த அளவை 32, 64, 128 என்று பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கு உயர்த்திக் காட்டுகிறது. படம், வீடியோ, செயலி என்று எதிலும் சேராமல் மிச்சமாகும் அனைத்தையும் பெரும்பாலான பதிப்புகளில் "சிஸ்டம்" என்ற ஒரே தலைப்பில் கொட்டிவிடுகிறது. சோதனை ஃபோனில் "சிஸ்டம்" பகுதி மாதாமாதம் வீங்குவது இதனால்தான். வீங்குவது ஆண்ட்ராய்டு அல்ல. அந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் சோதனைக் குப்பை.

அடுத்தது பலரும் தவறவிடும் கணக்கு. 700 எம்பி காலி இருக்கிறது, ஏபிகே 250 எம்பிதான், ஆனாலும் ஏற மறுக்கிறது. ஏன்? ஆண்ட்ராய்டு கடைசி பைட் வரை விட்டுக்கொடுக்காது. மூல நிரலின் இயல்பு அமைப்புப்படி, மொத்த டேட்டா பார்ட்டிஷனில் 5 சதவீதம் அல்லது 500 எம்பி, இவற்றில் எது குறைவோ அது "இடம் குறைவு" எல்லை. இன்றைய ஃபோன்களில் அது 500 எம்பி ஆகவே அமையும். தயாரிப்பாளர் மாற்றியும் வைத்திருக்கலாம். இன்ஸ்டால் முடிந்த பிறகும் அந்த எல்லைக்குக் கீழே போகாதபடிதான் ஆண்ட்ராய்டு அனுமதி தரும். 700இல் 500 போக 200தான் கையில் இருக்கிறது. பிற செயலிகளின் கேஷில் அழிக்கத்தக்கது இருந்தால் ஆண்ட்ராய்டு அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே மீத எண்ணோடு ஒரு ஃபோனில் ஏறும் பில்ட் இன்னொன்றில் ஏறாமல் போகிறது.

ஏபிகேயின் அளவு மட்டும் செலவு ஆகாது. செயலியின் அமைப்பு ஃபைலான மேனிஃபெஸ்டில் "எக்ஸ்ட்ராக்ட் நேட்டிவ் லிப்ஸ்" ட்ரூ என்றிருந்தால், உள்ளே இருக்கும் நேட்டிவ் லைப்ரரிகள் (பிராசசர் நேரடியாக இயக்கும் குறியீடு) வெளியேயும் ஒரு பிரதியாக எடுத்துவைக்கப்படும். 180 எம்பி ஏபிகே, அதிலிருந்து பிரியும் லைப்ரரிகள் 120 எம்பி என்றால் தேவை 300. 900 எம்பி காலி உள்ள ஃபோனில் எல்லை போக 400 இருக்கிறது, ஏறிவிடும். அதே ஏபிகேயை முதலில் ஃபோனுக்குத் தள்ளி, பிறகு அங்கிருந்து இன்ஸ்டால் செய்தால் என்ன ஆகும்? தள்ளியதற்கே 180 போய்விடும். மீதம் 720, எல்லை போக 220. தேவையோ 300. அதே ஃபோன், அதே பில்ட், ஏறாது. ஆண்ட்ராய்டு 7க்குப் பிந்தைய ஃபோன்களில் புதிய ஏடிபி தள்ளிவைக்காமல் நேரடியாகவே ஸ்ட்ரீம் செய்து ஏற்றும். உங்கள் ஸ்கிரிப்ட்டில் "நோ ஸ்ட்ரீமிங்" என்ற தேர்வை யாரோ எப்போதோ சேர்த்துவைத்திருந்தாலோ, புஷ் செய்த பிறகு பிஎம் இன்ஸ்டால் என்ற பழைய முறையில் எழுதியிருந்தாலோ, இந்த நன்மை கிடைக்காது. பழைய பிளாட்ஃபார்ம் டூல்ஸை வருடக்கணக்கில் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். இடப் பிரச்சினை அடிக்கடி வரும் குழு முதலில் செய்ய வேண்டியது ஏடிபியின் பதிப்பைப் பார்ப்பது.

ஒளிந்திருக்கும் குப்பை

ஏடிபியின் உண்மையான மதிப்பு தெரிவது டேட்டா, லோக்கல், டெம்ப் என்று உள்ளே போகும் அந்த ஃபோல்டரில்தான். ஷெல் பயனர் எழுதவும் படிக்கவும் முடிந்த இடம் இது. மற்றச் செயலிகளின் கண்ணில் இது படுவதில்லை. செயலியை நீக்கினாலும் இங்கே இருப்பது போகாது. "ஏடிபி ஷெல் டியூ -ஏஹெச் /டேட்டா/லோக்கல்/டெம்ப்" என்று கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலும் அளவோடு வரிசையாக வரும்.

அங்கே வழக்கமாகச் சிக்குபவை: இன்ஸ்டால் நடக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டதால் அழிக்கப்படாமல் நின்றுபோன ஏபிகேக்கள், "ஏஎம் டம்ப்ஹீப்" கொடுத்து எடுத்து, கணினிக்கு இழுத்த பிறகும் அழிக்காமல் விட்ட ஹெச்பிராஃப் (ஹீப் டம்ப்) ஃபைல்கள் (பெரிய செயலிகளில் இவை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி வரும்), தானியங்கிச் சோதனைக் கருவியான அப்பியத்தின் கேஷ். அப்பியம் வைத்திருக்கும் குழுக்கள் இந்தக் கடைசியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்ட்ரீம் செய்ய முடியாத பழைய ஃபோன்களில் அப்பியம் ஒவ்வொரு பில்டையும் "அப்பியம் கேஷ்" என்ற ஃபோல்டரில் சேர்த்துவைக்கும். எத்தனை பில்ட் வரை சேர்க்கலாம் என்பதற்கு "ரிமோட் ஆப்ஸ் கேஷ் லிமிட்" என்ற அமைப்பு இருக்கிறது; இயல்பு 10. ஏபிகே 180 எம்பி என்றால் 10 பில்டுக்கு 1.8 ஜிபி. 16 ஜிபி ஃபோனில் இது ஒரு பெரிய துண்டு. எண்ணை 1 அல்லது 2க்குக் குறைத்துவிட்டால் பிரச்சினை அங்கேயே தீரும். இதே டெம்ப்புக்குள் ".ஸ்டூடியோ" என்றொரு ஃபோல்டரும் இருக்கும். அது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வைத்தது. அழித்தாலும் அடுத்த முறை ரன் கொடுக்கும்போது தானே வந்துவிடும்.

டெம்ப் முடிந்ததும் பார்க்க வேண்டியது பக் ரிப்போர்ட்கள். "பக்ரிப்போர்ட்ஸ்" என்ற பாதையை எல்எஸ் கட்டளையால் பட்டியலிட்டால், ஃபோனிலேயே எடுத்துவிட்டு மறந்த ஜிப்கள் தெரியும். அதன் பிறகு திரைப்பதிவுகள். "ஸ்கிரீன் ரெக்கார்ட்" கட்டளை ஒரு பதிவை இயல்பாக 3 நிமிடம் வரை எடுக்கும். நொடிக்கு 20 மெகாபிட் என்றால் ஒரு முழுப் பதிவு 450 எம்பி வரை போகலாம். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பதிவு எடுக்கும் குழுவில் ஒரே நாளில் பல ஜிபி ஓடிவிடும். பிழையைக் காட்ட இவ்வளவு தரம் தேவையே இல்லை. பிட் ரேட்டை 4 மெகாபிட்டாகக் குறைத்தால் அதே 3 நிமிடம் 90 எம்பிக்குள் அடங்கும். ஃபோனின் கேலரியிலிருந்து பதிவை அழிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆண்ட்ராய்டு 11 முதல் அது குப்பைத் தொட்டிக்குப் போய், 30 நாள் வரை அங்கேயே இடத்தைப் பிடித்திருக்கக்கூடும். ஃபைல் பெயர் ".ட்ராஷ்ட்" என்று தொடங்கியிருந்தால் அதுதான். ஏடிபி வழியாக ஆர்எம் (அழிக்கும் கட்டளை) கொடுத்தால் தொட்டிக்குப் போகாமல் உடனே அழியும்.

தயாரிப்பாளர் வைத்த லாகர்களும் (ஃபோனின் செயல்பாட்டைப் பதிவுசெய்பவை) உண்டு. மீடியாடெக் சிப் உள்ள ஃபோன்களில் உள் சேமிப்பகத்தில் "எம்டிகேலாக்" அல்லது "டீபக்லாகர்" என்ற ஃபோல்டர் இருந்து, அது பெரிதாக இருந்தால், லாகரை நிறுத்திவிட்டு உள்ளடக்கத்தை அழிக்கலாம். லாகரை நிறுத்தாமல் அழித்தால் சில மணி நேரத்தில் மறுபடி நிரம்பும். சாம்சங் ஃபோன்களில் டயலரில் *#9900# கொடுத்தால் சிஸ்டம்ப் திரை வரும்; சேர்ந்துகிடக்கும் டம்ப்களை அழிக்கும் பொத்தான் அதில் இருக்கிறது.

செயலியே குற்றவாளியாக இருக்கும்போது

சோதிக்கும் செயலி டீபக் பில்டாக (டெவலப்பர் ஆய்வுக்காகத் திறந்துவைத்த பில்டாக) இருந்தால் "ரன் ஆஸ்" கட்டளை வழியாக அதன் தனி ஃபோல்டருக்குள் நுழையலாம். "ஏடிபி ஷெல் ரன்-ஆஸ்", பேக்கேஜ் பெயர், "டியூ -ஹெச் -டி 1" என்று கொடுத்தால் கேஷ், கோட் கேஷ், ஃபைல்ஸ், டேட்டாபேசஸ், ஆப் வெப்வியூ ஒவ்வொன்றும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒரே பார்வையில் வந்துவிடும். இந்த ஒரு கட்டளைக்காகவே ஏடிபியைப் பரிந்துரைக்கலாம். டெஸ்டர் எழுதும் "செயலி அதிக இடம் எடுக்கிறது" என்ற மொட்டை வாக்கியத்தை, டெவலப்பர் உடனே வேலை தொடங்கக்கூடிய பிழை அறிக்கையாக இது மாற்றிவிடும்.

எதைப் பார்த்தால் என்ன பொருள்? கேஷ் ஃபோல்டரில் "இமேஜ் மேனேஜர் டிஸ்க் கேஷ்" 250 எம்பிக்கு அருகில் நின்றால் அது படங்களை ஏற்றிக் காட்டும் கிளைட் லைப்ரரியின் இயல்பு உச்சவரம்பு; பிழையல்ல. குறைந்த சேமிப்பக ஃபோன்களுக்குக் குறைத்து வைக்கச் சொல்லலாம். வீடியோ காட்டும் செயலியில் கேஷ் எல்லையே இல்லாமல் வளர்ந்தால், வீடியோவை இயக்கும் எக்ஸோபிளேயர் லைப்ரரியில் "நோ ஆப் கேஷ் எவிக்டர்" போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். அது எதையும் வெளியேற்றாது. கடைசியாகப் பயன்பட்டதன் அடிப்படையில் பழையதை நீக்கும் எவிக்டருக்கு மாற்றுவதுதான் திருத்தம்.

டேட்டாபேசஸ் ஃபோல்டரில் முதன்மை டிபி 8 எம்பி, பக்கத்தில் "வால்" என்று முடியும் ஃபைல் 400 எம்பி என்றிருந்தால் அது கவனிக்க வேண்டிய பிழை. ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் இயந்திரமான எஸ்க்யூலைட் புதிய தகவலை முதலில் அந்த வால் (ரைட் அஹெட் லாக்) ஃபைலில் எழுதி, பிறகு செக்பாயின்ட் நேரத்தில் முதன்மை டிபிக்குக் கொண்டுபோகும். ஏதோ ஒரு படிப்புப் பரிவர்த்தனை மூடப்படாமல் நீண்ட நேரம் திறந்தே இருந்தால் செக்பாயின்ட் முழுமையடையாது. வால் வளர்ந்துகொண்டே போகும். மூடாமல் விட்ட கர்சர்களையும் முடிக்காமல் விட்ட பரிவர்த்தனைகளையும் தேடச் சொல்லி அறிக்கை எழுத வேண்டும். "டேட்டாவை அழித்தால் சரியாகிறது" என்று எழுதினால் பிழை அப்படியே பயனர் கைக்குப் போய்ச் சேரும்.

டீபக் பில்டில் மட்டும் தெரியும் வீக்கமும் உண்டு. நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்கும் லீக்கேனரி லைப்ரரி சேர்த்த பில்ட், கசிவைச் சந்தேகிக்கும்போது ஹீப் டம்ப் எழுதும். இயல்பாக 7 டம்ப்கள் வரை வைத்துக்கொள்ளும். வெளியீட்டு பில்டில் இது இருக்காது. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் கொண்டு எழுதிய செயலிகளின் டீபக் ஏபிகேக்கள் பெரிதாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், எல்லாப் பிராசசர் கட்டமைப்புகளுக்கும் ஆன லைப்ரரிகளை ஒன்றாகச் சுமப்பது. கையில் இருப்பது ஆர்ம் 64 ஃபோன் மட்டும் என்றால் எக்ஸ்86 லைப்ரரிகள் வெறும் சுமை. ஃப்ளட்டரில் "ஸ்பிளிட் பெர் ஏபிஐ" தேர்வு, ரியாக்ட் நேட்டிவில் கிரேடில் பிராபர்ட்டீஸில் கட்டமைப்பைக் குறுக்குவது என்று பில்ட் அனுப்புபவரிடம் கேட்டு வாங்கலாம்.

ஏடிபி எங்கே சறுக்குகிறது

"டம்ப்சிஸ் டிஸ்க்ஸ்டாட்ஸ்" என்ற கட்டளையை இணையத்தில் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஒவ்வொரு செயலியின் அளவு, டேட்டா, கேஷ் எல்லாம் ஒரே வெளியீட்டில் வரும். ஆனால் செயலி வாரியான அந்த எண்கள் இந்த நொடியின் எண்கள் அல்ல. ஃபோன் சார்ஜில் இருந்து, யாரும் பயன்படுத்தாத நேரத்தில், நாளுக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒன்று எழுதிவைத்த கோப்பிலிருந்து அவை வருகின்றன. காலையில் 2 ஜிபி கேஷை அழித்துவிட்டு மதியம் இதைப் பார்த்தால் அழித்தது அழியாததுபோல் இருக்கும். கைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் சோதனை ஃபோனுக்கு ஓய்வு நேரமே கிடைக்காததால் எண்கள் இன்னும் பழையதாகவே இருக்கும். காலி இடத்துக்கு டிஎஃப், செயலியின் அளவுக்கு ரன் ஆஸ். டிஸ்க்ஸ்டாட்ஸை யார் பெரிய ஆள் என்று தோராயமாகப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"பிஎம் ட்ரிம் கேஷஸ்" எல்லாச் செயலிகளின் கேஷையும் ஒரேயடியாகக் குறைக்க உதவும். செட்டிங்ஸிலிருந்து எல்லாக் கேஷையும் ஒன்றாக அழிக்கும் பொத்தான் ஆண்ட்ராய்டு 8இல் போய்விட்ட பிறகு இதுதான் மாற்று. இதில் பெயர் தரும் குழப்பம் ஒன்று இருக்கிறது: கொடுக்கும் எண் எவ்வளவு அழிக்க வேண்டும் என்பதல்ல, எவ்வளவு காலி இருக்க வேண்டும் என்பது. 3 ஜிபி காலி உள்ள ஃபோனில் "2ஜி" என்று கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. கட்டளை வேலை செய்யவில்லை என்று நினைப்பார்கள். ஃபோனின் கொள்ளளவைவிடப் பெரிய எண்ணாக, "999ஜி" என்று கொடுத்தால் அழிக்க முடிந்ததையெல்லாம் அழிக்கும்.

"ஏடிபி அன்இன்ஸ்டால்" கட்டளையோடு "-கே" சேர்த்தால் செயலி போகும், அதன் டேட்டாவும் கேஷும் இருக்கும். மேம்படுத்தல் சோதனைக்கு இது நல்ல வசதி. ஆனால் பேக்கேஜ் பெயர் மாறிய பழைய பில்ட்களை இப்படி நீக்கியிருந்தால், செயலிப் பட்டியலிலேயே தெரியாத டேட்டா ஃபோனில் தங்கிவிடும். "பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ் -யூ" கொடுத்தால் அந்தப் பெயர்கள் வெளிவரும். அதே கையொப்பமுள்ள ஏபிகேயை ஒருமுறை ஏற்றி, "-கே" இல்லாமல் நீக்கினால் சுத்தமாகும். டீபக், கியூஏ, ஸ்டேஜிங் என்று பின்னொட்டு வைத்து ஒரே செயலியை மூன்று நான்கு வடிவில் ஏற்றும் குழுக்கள் இந்தப் பட்டியலை அவ்வப்போது பார்ப்பது நல்லது. டூயல் ஆப்ஸ், வொர்க் புரொஃபைல் வைத்த ஃபோன்களில் முதன்மைத் திரையிலிருந்து நீக்கிய செயலி இரண்டாம் பயனருக்குள் இருந்துகொண்டே இருக்கலாம். "பிஎம் லிஸ்ட் யூசர்ஸ்" அதைக் காட்டிக்கொடுக்கும்.

தானியங்கி ஸ்கிரிப்ட் இன்ஸ்டால் செஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமலே செத்துப்போனால், அதுவரை எழுதியது டேட்டா/ஆப் ஃபோல்டரில் தற்காலிகப் பெயரோடு கிடக்கும். ரூட் (ஃபோனின் முழு அதிகாரம்) இல்லாமல் அந்த ஃபோல்டரைப் பார்க்க முடியாது. ஏடிபியின் பெரிய எல்லை இதுதான். கைவிடப்பட்ட செஷன்களை ஆண்ட்ராய்டு 3 நாளில் தானே கழற்றிவிடும். செஷன் எண் தெரிந்தால் "பிஎம் இன்ஸ்டால்-அபாண்டன்" கொடுத்து உடனே விடுவிக்கலாம். அதனால் ஸ்கிரிப்ட் எழுதும்போதே செஷன் எண்ணை லாகில் பதிவு செய்துவிடுங்கள்.

எதை அழித்தாலும் மீதம் ஏறவில்லை என்றால் இரண்டு விஷயங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று, அழித்த ஃபைலை ஏதோ ஒரு செயல்முறை இன்னும் திறந்துவைத்திருக்கிறது. பெயர் போய்விடும், இடம் போகாது. அந்தச் செயலியை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தாலோ ஃபோனை மறுதொடக்கம் செய்தாலோ இடம் திரும்பும். இன்னொன்று, பின்னணியில் இறங்கியிருக்கும் சிஸ்டம் அப்டேட். ஆண்ட்ராய்டு 11இல் வந்த விர்ச்சுவல் ஏ/பி முறையில், அப்டேட்டின் மாற்றங்கள் டேட்டா பார்ட்டிஷனிலிருந்தே இடத்தைக் கடன் வாங்கும். அப்டேட்டை நிறுவி, மறுதொடக்கம் முடிந்து, மாற்றங்களை ஒன்றிணைக்கும் வேலை ஓயும்வரை அந்த ஜிபிக்கள் திரும்பாது. சோதனை ஃபோன்களில் தானியங்கி சிஸ்டம் அப்டேட்டை டெவலப்பர் ஆப்ஷன்ஸில் நிறுத்திவைப்பது இதற்காகவும் நல்லது.

அரிதான இன்னொன்று: மீதம் ஜிபி கணக்கில் இருக்கிறது, ஆனாலும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருகிறது. "டிஎஃப் -ஐ" கொடுத்து ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் தேவைப்படும் பதிவிடம்) எண்ணிக்கையைப் பாருங்கள். லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்களை எழுதும் செயலி, இடம் தீரும் முன்பே ஐநோட்களைத் தீர்த்துவிடும்.

மற்றக் கருவிகளும் எமுலேட்டரும்

ஃபைல்ஸ் பை கூகுள், 2017இல் ஃபைல்ஸ் கோ என்ற பெயரில் வந்தது. சாதாரணப் பயனருக்கு அருமையான செயலி: இரட்டைப் படங்கள், பெரிய வீடியோக்கள், பழைய பதிவிறக்கங்களை நன்றாகக் கண்டுபிடிக்கும். டெம்ப் ஃபோல்டரையும் பிற செயலிகளின் தனி டேட்டாவையும் அதனால் தொட முடியாது. சோதனை ஃபோனின் நோய் அங்கேதான் இருக்கிறது. டிவைஸ் எக்ஸ்ப்ளோரர் மவுஸால் வேலை பார்க்க விரும்புபவர்களுக்கு ஏற்றது. டீபக் செயலியின் உள்ளே போகலாம், ஃபைலைக் கணினிக்கு எடுக்கலாம். ஆனால் ஃபோல்டரின் மொத்த அளவைக் கூட்டிக் காட்டாது. எல்லா ஃபோல்டருக்கும் ஒரே மாதிரி சில கேபி என்று போட்டிருக்கும். எங்கே இடம் போகிறது என்று தேடுபவருக்கு இது பெரிய குறை. ஏடிபியில் இடத்தைக் கண்டுபிடித்து, எக்ஸ்ப்ளோரரில் ஃபைலை எடுப்பது வசதியான கூட்டணி.

கணினியில் ஓடும் மெய்நிகர் ஃபோனான எமுலேட்டரில் இதே பிழை வந்தால் குப்பையைத் தேட வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திருத்தி, உள் சேமிப்பக அளவை உயர்த்தி, வைப் டேட்டா கொடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள். அளவை மட்டும் மாற்றிவிட்டு வைப் செய்யாமல் விட்டால் பழைய பார்ட்டிஷனே தொடரக்கூடும். கணினியின் டிஸ்க்கும் நிறைந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எமுலேட்டர் ஸ்னாப்ஷாட்கள் அங்கே ஜிபி கணக்கில் சேரும்.

இடமில்லாத நிலையையே சோதிக்க

இடத்தை விடுவிப்பது பாதி வேலைதான். இடம் தீரும்போது உங்கள் செயலி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் சோதிக்க வேண்டியதே. இதிலும் ஏடிபி மற்றவற்றைவிட வெகுதூரம் முன்னால் நிற்கிறது. டெம்ப் ஃபோல்டரில் "ஃபாலோகேட் -எல் 3ஜி" என்று கொடுத்து ஒரு ஃபைலின் பெயரைச் சேர்த்தால், நொடிகளில் 3 ஜிபி அடைபடும். முதலில் மீதம் 500 எம்பிக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை நிரப்பி, எச்சரிக்கை நிலையில் செயலியைப் பாருங்கள். பிறகு கிட்டத்தட்ட முழுதாக நிரப்பிப் பாருங்கள். படம் பதிவேற்றும் முன் தற்காலிகப் பிரதி எடுக்கும் இடம், டேட்டாபேஸில் எழுதும் இடம், ஃபைல் இறக்கும் இடம் ஆகிய மூன்றில்தான் செயலிகள் பெரும்பாலும் விழும். எஸ்க்யூலைட் அப்போது "டேட்டாபேஸ் ஆர் டிஸ்க் இஸ் ஃபுல்" என்ற விதிவிலக்கை எறியும். அதைப் பிடிக்காத செயலி அப்படியே மூடிக்கொள்ளும். பாதி எழுதிய ஃபைலை முழு ஃபைல் என்று நம்பி அடுத்த முறை திறப்பது அதைவிட மோசம். அதனால் இடத்தை விடுவித்த பிறகு செயலியை மறுபடி திறந்து பார்ப்பதையும் சோதனையில் சேருங்கள். முடிந்ததும் நிரப்பிய ஃபைலை ஆர்எம் கொடுத்து அழிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து ஃபோனை எடுப்பவருக்கு 3 ஜிபி "சிஸ்டம்" கணக்கில் காணாமல் போயிருக்கும்.

நிரப்பாமலே எச்சரிக்கை நிலையை வரவழைக்கவும் வழி இருக்கிறது: "சிஎம்டி டிவைஸ்ஸ்டோரேஜ்மானிட்டர் ஃபோர்ஸ்-லோ -எஃப்". இடம் நிறைய இருந்தாலும் ஆண்ட்ராய்டு தன்னை இடம் குறைந்த நிலையில் இருப்பதாக அறிவிக்கும். பின்னணி வேலைகளை நடத்தும் வொர்க்மேனேஜரில் "ஸ்டோரேஜ் நாட் லோ" நிபந்தனை வைத்த வேலைகள் உண்மையிலேயே காத்திருக்கின்றனவா, நிலை சரியானதும் தொடங்குகின்றனவா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. அதே கட்டளையில் "ரீசெட்" கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அதைக் கொடுக்கும்வரை, அல்லது ஃபோன் மறுதொடக்கம் ஆகும்வரை, 20 ஜிபி காலி இருந்தாலும் இட எச்சரிக்கை அப்படியே நிற்கும். எனவே சோதனை ஸ்கிரிப்ட்டில், சோதனை தோல்வியடைந்தாலும் ஓடும் இறுதிப் பகுதியில் ரீசெட் வரியை வையுங்கள்.